ஒரு மைக்கும் 23 நோட்டிஃபிகேஷன்களும்

வணக்கம். கடந்த இரண்டு காணொளிகளிலும் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல இருப்பதாகக் கமெண்டில் பலர் எழுதியிருந்தீர்கள். இன்று தெளிவாகக் கேட்கிறதென்றால், காலரில் செருகியிருக்கும் இந்தப் புதிய மைக்தான் காரணம். மைக்கைப் பற்றிய காணொளி அடுத்த வாரம் தனியாக வரும். இன்று நான் பேச வந்தது, இது என் கைக்கு வந்து சேர்வதற்குள் இதை விற்ற நிறுவனம் என் கைபேசிக்கு அனுப்பிய 23 நோட்டிஃபிகேஷன்களைப் பற்றி. அந்த ஆப்பிற்குள்ளேயே பழைய அறிவிப்புகளின் பட்டியல் இருப்பதால் ஒன்று விடாமல் எண்ணிவிட்டேன். பார்சலைப் பற்றியவை 4. மற்ற 19ம், நான் ஒருபோதும் தேடியிராத பொருள்களை வாங்கச் சொல்லி வந்தவை.

என் பழக்கம் உங்களுக்குத் தெரியும்: ஓர் ஆப் ஒரே நாளில் மூன்றாவது முறை மணி அடித்தால், யோசிக்காமல் அதன் வாயை மூடிவிடுவேன். இந்த ஆப்பையும் அப்படித்தான் மூடினேன். அடுத்த நாள், முகவரியை உறுதி செய்யுமாறு கேட்ட அறிவிப்பும் அதனோடு சேர்ந்து மௌனமாகிவிட, நான் பதில் சொல்லவில்லை என்று கருதிப் பார்சலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்மீதும் தவறு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் என் பங்கு எவ்வளவு, அவர்கள் பங்கு எவ்வளவு என்று பார்க்க உட்கார்ந்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விட்டது.

ஆண்ட்ராய்டின் 8ஆம் பதிப்பு 2017இல் வந்தபோது, நோட்டிஃபிகேஷன் சானல் என்ற வசதி அதனுடன் வந்தது. ஆர்டர் நிலவரம் ஒரு சானல், சலுகை ஒரு சானல், பாதுகாப்பு எச்சரிக்கை ஒரு சானல் என்று ஆப்பை உருவாக்குபவர்கள் வகை பிரித்து வைக்கலாம். வேண்டாத வகையை மட்டும் நாம் அணைத்துக்கொள்ளலாம். வந்திருக்கும் அறிவிப்பின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், அது எந்தச் சானலில் வந்தது என்று தெரிந்துவிடும். நாம் அணைத்த சானலை ஆப் தன்னிச்சையாக மீண்டும் திறக்கவும் முடியாது. இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு கையில் இருக்க, இந்த நிறுவனம் என்ன செய்திருக்கிறது தெரியுமா? ‘பொது’ என்று ஒரே ஒரு சானலை வைத்து, பார்சல் செய்தியையும் விளம்பரத்தையும் அதற்குள்ளேயே கொட்டியிருக்கிறது. விளம்பரம் வேண்டாமென்றால் பார்சல் செய்தியும் கிடைக்காது. இதைச் சோம்பேறித்தனம் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை என்பதே இப்போது என் கருத்து. எந்த அறிவிப்பை அணைக்க நாம் தயங்குவோமோ, அதன் முதுகில் விளம்பரத்தை ஏற்றி அனுப்புகிறார்கள்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்குச் செலவுக் கணக்கைப் பார்த்தால் போதும். நாம் ஓர் ஆப்பைப் போட்டவுடன், நம் கைபேசிக்கென்று ஓர் அடையாளக் குறியீடு உருவாகி நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அந்தச் சர்வர் ஆப்பிளின் அல்லது கூகுளின் சேவையிடம் செய்தியைக் கொடுக்க, அந்தச் சேவை அதை நம் திரையில் கொண்டுவந்து சேர்க்கிறது. ஆப்பிள் இந்த வழியை 2009இல் திறந்தது. அடுத்த ஆண்டே கூகுளும் தன் வழியைத் திறந்தது. இவ்வழியே ஒரு செய்தி அனுப்பவும் பத்து அனுப்பவும் நிறுவனத்துக்கு ஆகும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. எஸ்எம்எஸ் அப்படியன்று, நீண்ட செய்தியைத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் காசு.

துண்டு என்றதும்தான் நினைவுக்கு வருகிறது, இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். பார்சலைத் திருப்பி அனுப்பிய செய்தி எனக்கு எஸ்எம்எஸ்ஸில்தான் வந்தது, அதுவும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்துகளைக் கொள்ளும். தமிழில் எழுதினால் 70தான் கொள்ளும். அந்த 70ம் நம் கணக்கில் எழுத்துகள் அல்ல, துணைக்கால், கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். ‘வாடிக்கையாளர்’ என்ற சொல்லில் நாம் பார்ப்பது 7 எழுத்துகள்; கணினி எண்ணுவது 13. ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே’ என்று மரியாதையாகத் தொடங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்கு இடம் தீர்ந்துவிடுகிறது. தமிழில் எழுதாததை நான் மன்னிக்கவில்லை, ஆனாலும் காரணம் புரிகிறது.

நிறுவனங்களின் இந்த ஆர்வத்துக்குக் கடிவாளம் போடும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. பயனர் தெளிவாகச் சம்மதித்தாலொழிய நோட்டிஃபிகேஷனை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, விலகும் வழியையும் ஆப்பிற்குள் தர வேண்டும் என்று ஆப்பிள் 2020இல் தன் விதியை மாற்றி எழுதியது. ஆண்ட்ராய்டில் 2022இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து, நாம் அனுமதித்தால் மட்டுமே ஒரு புதிய ஆப் மணி அடிக்க முடியும். பார்சல் எங்கே என்று அறியும் ஆசையில் நானும் ‘அனுமதி’யை அழுத்தினேன், அந்த ஒரே சம்மதத்தில் 19 விளம்பரங்களையும் ஏற்றிவிட்டார்கள்.

திரும்பிப்போன பார்சலை மீட்க முதலில் ஆப்பில் இருந்த சாட்பாட் என்ற தானியங்கி உரையாடல் நிரலிடம் பேசினேன். நான் எதை எழுதினாலும் அது அதே நான்கு பொத்தான்களைக் காட்டியது. ‘மனிதரோடு பேச வேண்டும்’ என்று எழுதியதற்கு ‘மகிழ்ச்சி! வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?’ என்றது. வேறு வழியில்லாமல் நிறுவனத்தை டேக் செய்து பொதுவில் ஒரு பதிவு போட்டேன். 14 நிமிடத்தில், சிரிக்கும் முகத்தோடு, ‘வருந்துகிறோம், ஆர்டர் எண்ணை டிஎம்மில் அனுப்புங்கள்’ என்று, அதாவது தனிச்செய்தியில் அனுப்பச் சொல்லி, பதில் வந்தது. இரண்டு நாள்களாகத் தனியறையில் கத்தியவனை யாரும் கவனிக்கவில்லை. தெருவில் வந்து முணுமுணுத்தவுடன் நாற்காலி போட்டு உள்ளே அழைக்கிறார்கள். இந்தப் பாடத்தை வாடிக்கையாளர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நிறுவனங்கள்தான் என்பதால், எல்லோரும் பொதுவில் சண்டை போடுகிறார்கள் என்று அவை அலுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது.

சமூக ஊடகத்தில் நன்றாகப் பேசியவர்களும் இருக்கிறார்கள். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பாவில் விமானங்கள் முடங்கியபோது, நெதர்லாந்தின் கேஎல்எம் விமான நிறுவனம் ஃபேஸ்புக்கிலும் டுவிட்டரிலும் உட்கார்ந்து, தவித்துக்கொண்டிருந்த பயணிகளின் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னது. பதில் கிடைக்க எத்தனை நிமிடம் ஆகும் என்பதைத் தன் பக்கத்தின் முகப்பிலேயே பின்னாளில் அது காட்டவும் செய்தது. எனக்குப் பிடித்தது இந்த வகை. 2013இல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டியின் நடுவே மின்சாரம் போனபோது, இருட்டிலும் பிஸ்கட்டைத் தோய்க்கலாம் என்று ஓரியோ போட்ட ஒற்றைப் பதிவை இன்றும் பாடமாக எடுக்கிறார்கள், சமயோசிதம்தான், மறுக்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஏதாவது சொல்லியே தீருவது என்று கிளம்பியவர்களைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. நகைச்சுவையாகப் பேசும் கணக்குக்குப் பின்னால் குறை கேட்க ஆளில்லை என்றால், அந்த நகைச்சுவை என் எரிச்சலைக் கூட்டத்தான் செய்கிறது.

டிஎம்முக்குப் பிறகு உரையாடல் வாட்ஸ்அப்புக்குப் போனது. அங்கே நாம் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நிறுவனம் நம்மிடம் தாராளமாகப் பேசலாம். அதன் பிறகு, வாட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற, ஒரே அச்சில் எழுதிவைத்த வார்ப்புச் செய்திகளை மட்டுமே அனுப்ப முடியும். ‘தொடர விருப்பமா? ஆம் என்பதை அழுத்துங்கள்’ என்று திடீரென்று ஏன் வருகிறது என நீங்கள் யோசித்திருந்தால், விஷயம் இதுதான்: நாம் அழுத்தியவுடன் அந்தக் கதவு மறுபடியும் 24 மணி நேரத்துக்குத் திறக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருவழியாக ஒரு மனிதர் அகப்பட்டார். அவர் கேட்டது இரண்டே கேள்விகள், முகவரியைத் திருத்தியது ஆறு நிமிடத்தில். அவரை மனமாரப் பாராட்டுகிறேன்.

இதையெல்லாம் குறை சொல்லும் நானே ஒவ்வொரு காணொளியிலும் மணிச் சின்னத்தை அழுத்தச் சொல்கிறேன் என்று நீங்கள் கமெண்டில் எழுதப் போகிறீர்கள். எழுதுங்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மைக் வந்த அன்று மாலை, ‘எங்கள் ஆப் பிடித்திருக்கிறதா?’ என்று ஒரு பெட்டி திரையில் எழுந்தது. இதிலும் ஒரு தந்திரம் உண்டு. ‘ஆம்’ என்றால் ஐந்து நட்சத்திரம் போட ஸ்டோருக்கு அழைத்துப் போவார்கள். ‘இல்லை’ என்றால் யாரும் பார்க்காத ஒரு படிவத்துக்குள் தள்ளிவிடுவார்கள். நான் ‘ஆம்’ என்று அழுத்தி, ஸ்டோருக்குப் போய், இரண்டு நட்சத்திரம் போட்டு, ‘பார்சலுக்கும் விளம்பரத்துக்கும் தனித்தனிச் சானல் கொடுங்கள்’ என்று ஒரே வரி எழுதினேன். அரை மணி நேரத்தில் அதன் கீழே நிறுவனத்தின் பதில் வந்துவிட்டது. வருந்துகிறார்களாம், ஆர்டர் எண்ணை அனுப்பச் சொல்கிறார்கள்.