அடித்த ஆணி மேலே ஏறுமா?

எல்லோருக்கும் வணக்கம். தாவரங்களின் உடலமைப்பு, வளர்ச்சி, வகைகள் என்று மூன்றையும் ஒன்றாகக் கட்டி என் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் போதாது. அதனால் குறுக்கு வழி ஒன்று பிடித்திருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே மூன்றையும் சுற்றி வந்துவிடலாம்.

பத்து வயதுப் பையன் ஒருவன் மரத்தில் தன் நெஞ்சு உயரத்தில் ஓர் ஆணி அடிக்கிறான். இருபது வருடம் கழித்து வந்து பார்க்கிறான். மரம் இரண்டு மடங்கு உயர்ந்துவிட்டது. ஆணி இப்போது எங்கே இருக்கும்?

பாதிப் பேர் அண்ணாந்து பார்க்கிறீர்கள். வேண்டாம், குனிந்து பாருங்கள். அவன் இடுப்பு உயரத்தில் இருக்கும். தரையிலிருந்து அடித்த உயரம் என்னவோ அதே உயரம்தான், ஓர் அங்குலம்கூட ஏறியிருக்காது. உயர்ந்தது பையன்தான். கிளைகளும் அப்படித்தான். தாழ்வாக முளைத்த கிளை கடைசி வரை தாழ்வாகவே இருக்கும். வயதான மரங்களில் கீழ்க்கிளை இல்லாததற்குக் காரணம், அவை மேலே போய்விட்டன என்பதில்லை. நிழலில் காய்ந்து விழுந்துவிட்டன.

நம் உடம்பு வளரும்போது எல்லா இடமும் சேர்ந்து வளர்கிறது. கை, கால், காது, மூக்கு எல்லாம் கூடவே பெரிதாகின்றன. செடி அப்படி வளர்வதில்லை. அதன் உடம்பில் வளர்கிற இடங்கள் என்று சில உண்டு. அங்கே மட்டும் வளரும், மற்ற இடங்களில் வளர்ந்து முடிந்திருக்கும். அந்த இடங்களுக்கு ஆக்குத்திசு என்று பெயர். ஒரு செடி புல்லா, மரமா, கொடியா, கள்ளியா என்பதில் பெரும்பகுதி, இந்த ஆக்குத்திசு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதிலேயே அடங்கிவிடுகிறது என்று நான் சொல்வேன். இன்றைய பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் வேருக்குப் போவோம். 19ஆம் நூற்றாண்டில் யூலியுஸ் சாக்ஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் எளிய காரியம் ஒன்று செய்தார். முளைவிட்ட அவரை இன விதையின் வேரில், நுனியிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் மையால் ஒரு கோடு போட்டார். ஈரத்தில் வைத்தார். அடுத்த நாள் பார்த்தால் நுனியை ஒட்டிய சில கோடுகள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகியிருந்தன. அதற்கு மேலே இருந்த கோடுகள் போட்டபடியே கிடந்தன. இதை நீங்களும் செய்து பார்க்கலாம். மெல்லிய நிப் பேனாவும் ஈரத்துணியும் போதும். பேனாவை அழுத்தினால் வேர் உடைந்துவிடும். நான் முதல் முறை நாலு விதையை வீணாக்கினேன்.

ஏன் நுனியில் மட்டும் இந்த நீட்சி? மண்ணுக்குள் இருக்கும் வேரை நினைத்துப் பாருங்கள். ஒரு முழம் பின்னால் வேர் நீண்டால், முன்னால் இருக்கும் அத்தனை நீளத்தையும் மண்ணுக்குள் தள்ள வேண்டும். நனைந்த நூலை ஊசிக்காதில் பின்னாலிருந்து தள்ளுவது போலத்தான், வளைந்து மடங்கிவிடும். நுனியை ஒட்டி நீண்டால் நுனி மட்டும் நகர்ந்தால் போதும். நுனிக்கு ஒரு தொப்பியும் உண்டு. அதை வேர்மூடி என்பார்கள். மண் உரசி உரசி அதன் மேல்செல்கள் உதிரும், உள்ளேயிருந்து புதிய செல்கள் வந்து நிரப்பும். நீட்சி முடிந்த பகுதியில்தான் வேர்த்தூவிகள் முளைக்கும். முந்திக்கொண்டு முளைத்திருந்தால் வேர் நகரும்போது அறுந்துபோகும்.

இந்தத் தூவிகளின் கணக்கைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 1937இல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கர், கம்புப்புல் அளவுகூட இல்லாத ரை என்ற தானியச் செடி ஒன்றை நாலு மாதம் பெட்டி மண்ணில் வளர்த்து, வேரைக் கழுவி எடுத்து அளந்தார். வேர்களின் மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கு மேல். வேர்த்தூவிகள் சுமார் 1,400 கோடி. ஒரே ஒரு செடிக்கு! அளந்த மனிதரின் பொறுமையைத்தான் நான் முதலில் கும்பிடுவேன்.

சரி, மேலே வருவோம். தண்டின் நுனியிலும் ஓர் ஆக்குத்திசு இருக்கிறது. பெரும்பாலான செடிகளில் குண்டூசித் தலையைவிடச் சின்னது. இளம் இலைகள் அதைப் பொத்தி வைத்திருக்கும். அது ஒரே மாதிரியான கட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போகிறது: ஒரு கணு, அதில் ஓர் இலை, இலைக்கோணத்தில் ஒரு மொட்டு, அப்புறம் கொஞ்சம் வெறும் தண்டு. மறுபடியும் கணு, இலை, மொட்டு. எந்தச் செடியை எடுத்தாலும் இந்த அடுக்குதான் தெரியும். அந்தக் கோண மொட்டு ஒவ்வொன்றும் காத்திருக்கும் ஒரு கிளை.

காத்திருக்கச் சொல்வது யார்? மேலே இருக்கும் நுனிதான். நுனியிலிருந்து கீழே இறங்கும் ஆக்ஸின் என்ற பொருள் கீழ் மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் அடக்குமுறை போய்விடும், பக்கக் கிளைகள் கிளம்பும். தோட்டக்காரர்கள் தலையைக் கிள்ளிச் செடியைப் புதராக்குவது இப்படித்தான். இந்த ஆக்ஸின் கதைக்கு முதல் நூல் எடுத்துக் கொடுத்தவர் சார்லஸ் டார்வின். பரிணாமத்தோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. வயதான காலத்தில் மகன் பிரான்சிஸோடு உட்கார்ந்து, புல் முளைகளின் நுனிக்கு ஒளிபுகாத சின்னத் தொப்பி மாட்டிக்கொண்டிருந்தார். தொப்பி போட்ட முளை வெளிச்சத்தின் பக்கம் வளையவில்லை. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. அப்படியென்றால் நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே போகிறது என்று 1880இல் எழுதினார்கள். அந்த ஏதோ ஒன்றை 1920களில் ஃபிரிட்ஸ் வென்ட் என்ற டச்சுத் தாவரவியலாளர், அகார் என்ற கூழ்த் துண்டில் பிடித்துக் காட்டினார்.

இதுவரை நீளம். பருமன் எப்படி வருகிறது?

ஆணி உயரவில்லை என்றேன். ஆனால் இருபது வருடத்தில் அது பாதி புதைந்துபோயிருக்கும். வேலிக் கம்பியை விழுங்கிய மரத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மரப்பட்டைக்கு உள்ளே, மரத்தைச் சுற்றி உறை போட்ட மாதிரி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. கேம்பியம் என்று பெயர். அது உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையின் உட்பகுதியையும் உண்டாக்குகிறது. உள்பக்கம்தான் அதிகம். வேரிலிருந்து தண்ணீர் ஏறும் சைலம் கட்டைப் பக்கம், இலையில் செய்த சர்க்கரை இறங்கும் ஃபுளோயம் பட்டைப் பக்கம்.

தண்ணீர் ஏற்றும் சைலம் குழாய்கள் செத்த செல்கள். வேலைக்கு வருவதே செத்த பிறகுதான். உள்ளே இருந்ததெல்லாம் கரைந்து, சுவர் மட்டும் நின்று, குழாயாகிறது. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தாரே, அவர் பார்த்ததும் செத்த செல்களின் வெற்றுச் சுவர்களைத்தான். பெரிய மரம் ஒன்றில் உயிரோடு இருப்பது இலை, மொட்டு, வேர்நுனி, கேம்பியம், அதை ஒட்டிய கொஞ்சம் பட்டையும் தண்ணீர் ஏற்றும் வெளிப்புறக் கட்டையான சாற்றுக்கட்டையில் சிதறிய சில செல்களும். நடுவில் இருக்கும் வைரக்கட்டை முழுக்கச் செத்தது. அதனால்தான் உள்ளே பொந்தாகி, ஆள் நுழைந்து நிற்கிற அளவு குடைந்துபோன மரமும் தலையில் தளிர் விடுகிறது. அதே மரத்தில் விரல் அகலத்துக்குப் பட்டையைச் சுற்றி ஒரு வளையமாக உரித்து எடுங்கள். உடனே வாடாது. கட்டை வழியே தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் சர்க்கரை கீழே இறங்க வழி இல்லை. வேர் பட்டினி கிடந்து சாகும், அப்புறம் மரமும். குடலை உருவினாலும் பிழைக்கிற மரம், தோலில் ஒரு வளையம் போனால் பிழைப்பதில்லை.

இங்கே பழந்தமிழ்ச் சொற்கள் இரண்டை நினைவூட்டியே ஆக வேண்டும். அகக்காழ், புறக்காழ். காழ் என்றால் வைரம், கடினம். உள்ளே வைரம் பாய்ந்தது அகக்காழ், அது மரம். வெளியே கடினமாகவும் உள்ளே மென்மையாகவும் இருப்பது புறக்காழ், அது புல். மூங்கிலும் பனையும் தென்னையும் இந்தக் கணக்கில் புல்லில் சேரும். வெட்டிப் பார்த்த கண்ணுக்கு மட்டுமே தெரிகிற வேறுபாடு இது. இன்றைய தாவரவியல் ஒரு வித்திலை, இரு வித்திலை என்று பிரிப்பதோடு இது பெருமளவு ஒத்துப்போகிறது. காரணம் கேம்பியம்தான். புறக்காழ்க் கூட்டத்தில் அந்த உறையே கிடையாது.

கேம்பியம் இல்லாமல் பனையால் எப்படி அத்தனை பருமனாக முடிகிறது? அது முதலில் அகலத்தை முடித்துக்கொள்கிறது. முளைத்துச் சில வருடங்கள் தரையை விட்டே கிளம்பாது; ஓலை மட்டும் விட்டுக்கொண்டு, நுனியை முழுப் பருமனுக்கு அகலமாக்கும். அதன்பிறகுதான் ஏறும். அடியும் தலையும் ஏறக்குறைய ஒரே பருமனில் தூண் மாதிரி நிற்பது அதனால்தான். இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. பனையில் ஆணி அடித்தால் அந்த ஓட்டை மூடாது, மூட ஆள் இல்லை. தலையை வெட்டினால் அதோடு சரி. பனைக்கும் தென்னைக்கும் இருப்பது ஒரே நுனி.

புல் வேறு ஒரு தந்திரம் செய்தது. ஒரு புல் தாளை மெதுவாக இழுத்துப் பாருங்கள். உறைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வரும். அடிப்பகுதி வெளிறி, பிஞ்சாக, நகம் பட்டால் நசுங்குகிற மாதிரி இருக்கும். வளர்கிற இடம் அங்கே இருக்கிறது. இலையின் நுனியே அதன் கிழட்டுப் பகுதி. மாடு மேய்ந்தாலும் இயந்திரம் வெட்டினாலும் போவது முடிந்துபோன பகுதிதான், அடியிலிருந்து புதிதாக ஏறி வரும். மற்ற செடிகள் தங்கள் உச்சியில் வைத்திருப்பதைப் புல் வாய்க்கு எட்டாத தரையோரம் வைத்துக்கொண்டது. புல்வெளிகள் உலகைப் பிடித்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மூங்கிலுக்கு ஒவ்வொரு கணுவுக்கு மேலும் வளரும் இடம் உண்டு. பல கணுவிடைகள் ஒரே நேரத்தில் நீளும். சில இனங்கள் ஒரே நாளில் 90 சென்டிமீட்டர் வரை உயர்வது இப்படித்தான்.

இப்படி அடியிலிருந்து வளர்வதன் உச்சம், ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் இருக்கும் வெல்விட்சியா என்ற செடி. இது புல் இனம் அல்ல, பைன், சைகஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. முளைத்தபின் இரண்டே இலை, ஆயுள் முழுக்க அதே இரண்டு. அடியில் வளர்ந்துகொண்டே இருக்கும், நுனி வெயிலில் காய்ந்து கிழிந்துகொண்டே இருக்கும். சில செடிகளுக்கு வயது ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும்.

வகைகளுக்கு வந்துவிட்டேன். பூக்கும் தாவரங்கள் மட்டும் சுமார் 3 லட்சம் இனங்கள். தண்ணீரில் மிதக்கும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உல்ஃபியா என்ற செடியும் அதில் சேர்த்தி. நுனி வளர்வது, கணு போடுவது, பருப்பது என்ற சில வேலைகளைக் கூட்டியும் குறைத்தும் நிறுத்தியுமே இத்தனை உருவங்கள். ஒன்றைப் பார்த்து அது என்ன உறுப்பு என்று தெரியாமல் போனால் முட்டிக்கொள்ள வேண்டாம், அது இருக்கும் இடத்தைப் பாருங்கள். எலுமிச்சை முள் இலைக்கோணத்தில் இருக்கிறது. அப்படியானால் அது கிளை. கள்ளிகளில் கேக்டஸ் வகையின் முள், இலை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, அது இலை. ரோஜா முள் எங்கே வேண்டுமானாலும் இருக்கிறது. அது வெறும் மேல்தோல், அதனால்தான் பக்கவாட்டில் தள்ளினால் சுத்தமாகக் கழன்று வருகிறது. உருளைக்கிழங்கின் 'கண்'கள் கோண மொட்டுகள், ஆகவே அது தண்டு. சர்க்கரைவள்ளிக்கு அந்த ஒழுங்கான கண்கள் கிடையாது, அது வேர்.

பூ? அதுவும் ஒரு நுனிதான், ஆனால் கடைசி நுனி. பூவாக மாறிய ஆக்குத்திசு திரும்பி இலை போடுவது அரிது. பக்க மொட்டுகள் உள்ள மரத்துக்கு அதனால் நஷ்டமில்லை, ஆயிரம் நுனியில் நூறு பூத்தால் மீதி இருக்கிறது. ஒரே நுனி உள்ள குடைப்பனை என்ன செய்யும்? முப்பது, நாற்பது, சில சமயம் அதற்கும் மேற்பட்ட ஆண்டுகள் சேமித்து, உச்சி நுனியையே ஒரே முறை மாபெரும் பூங்கொத்தாக்கி, காய்த்து, செத்துப்போகும். ரஃப்ளீசியா என்ற ஒட்டுண்ணி இதற்கு நேர் எதிர்: தண்டு, இலை, வேர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வேறொரு கொடிக்குள் நூலிழையாக ஓடிக்கொண்டு, பூக்க மட்டும் வெளியே வரும். அந்தப் பூ ஒரு மீட்டர் அகலம் வரை போகும்.

பேச வரும் முன் ஒரு பெரியவர் என்னிடம், "மரத்துக்கு வயசாகுமா சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கலிபோர்னியாவில் பிரிஸ்டில்கோன் பைன் மரம் ஒன்று 4,800 ஆண்டுகளைத் தாண்டி நிற்கிறது. ஆனால் அதன் ஊசி இலைகளுக்கு மிஞ்சினால் சில பத்தாண்டு வயது. உள்ளே இருக்கும் பழைய கட்டை எப்போதோ செத்தது. கேம்பியம் ஆண்டுதோறும் புதிய செல்களைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அப்படிப் பார்த்தால் அந்த மரத்தில் உயிரோடு இருக்கும் எதுவும் மரத்தின் வயதில் இல்லை. பனையில் கதை தலைகீழ். அடித்தண்டின் செல்கள் பனை இருக்கும் வரை உயிரோடு இருக்கும். நூறு வயதுப் பனையின் அடியில் ஏறக்குறைய நூறு வயதுச் செல்கள் இருக்கின்றன.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பாண்டோ என்று, ஆஸ்பென் என்ற மரங்களின் காடு ஒன்று உண்டு. 43 ஹெக்டேர் பரப்பில் சுமார் 47,000 அடிமரங்கள். எல்லாம் ஒரே விதையிலிருந்து வந்தவை. ஒரே வேர்த்தொகுதியில் முளைத்த மொட்டுகளே அத்தனை மரங்களாக நிற்கின்றன. ஒரு பக்கம் காய்ந்து விழும், இன்னொரு பக்கம் வேரிலிருந்து கிளம்பும். அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை அங்கே போய்க் கேட்டால், எந்த மரத்தைக் காட்டிக் கேட்பது?