அண்டையாரோடு ஸ்விங் கட்டாயமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோர்க்கும் வணக்கம். காண்ட்ரா நடனம் எதுவானாலும் அதில் அண்டையாரோடு ஒரு ஸ்விங், அதாவது இருவர் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழலும் அசைவு, இருந்தே தீர வேண்டும் என்று எதிரணி நண்பர் வாதாடி அமர்ந்திருக்கிறார். அது கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை; கட்டாயமில்லை என்றே சொல்கிறோம்.

அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்தின் கூடங்களில் வளர்ந்த இந்த நடனத்தில், எதிரெதிரே நிற்கும் இரண்டு நீண்ட வரிசைகளில் இரண்டிரண்டு ஜோடிகள் சேர்ந்து ஆடுகின்றன. 64 தாளத் தட்டுகள் கொண்ட ஒரு சுற்று முடிந்ததும் ஒவ்வொரு ஜோடியும் ஓரிடம் நகர்ந்து புதிய ஜோடியைச் சந்திக்கிறது. அந்தப் புதியவர்களே அண்டையார்.

கணக்கைப் பார்ப்போம். சொந்த ஜோடியோடு பேலன்ஸும் (ஸ்விங்குக்கு முன் முன்னும் பின்னுமாக அடியெடுத்து வைப்பது) ஸ்விங்கும் 16 தட்டுகள், அண்டையாரோடு அதே 16 தட்டுகள் என்றால் பாதிச் சுற்று அதிலேயே கரைந்துவிடுகிறது. அத்தோடு முடிந்ததா? அண்டையாரோடு ஸ்விங் முடித்தவர் அவர் பக்கத்திலேயே நிற்பார், சொந்த ஜோடியோ எதிர்வரிசையில் நிற்பார். அவரை அடைய, கைகோத்து இடப்பக்கமாக முக்கால் வட்டம் சுற்றுவது போன்ற இரண்டு மூன்று வழிகளையே நடனங்களை அமைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கையாள்கிறார்கள். ஒரே இரவில் ஆடும் நடனங்களெல்லாம் ஒரே வண்டித்தடத்தில் போவது இதனால்தான்.

'கோரஸ் ஜிக்' என்னும் பழைய காண்ட்ரா நடனத்தை எண்ணிப் பாருங்கள். அதில் உள்ள ஒரே ஸ்விங், முதல் ஜோடி தமக்குள் ஆடுவது. ஆனால் அதில் 'காண்ட்ரா கார்னர்ஸ்' என்னும் பகுதி வரும்போது, தம் ஜோடிக்கு வலக்கை, மூலையில் நிற்பவருக்கு இடக்கை, மறுபடி ஜோடிக்கு வலக்கை, அடுத்த மூலைக்கு இடக்கை என்று கை மாறி மாறிப் போகும். மூலையில் நிற்பவர் ஒரு நொடி முன்னதாகவே இடக்கையை நீட்டிக் காத்திருக்காவிட்டால் அந்த ஓட்டமே அறுந்துவிடும். அண்டையாரை இதைவிட நெருக்கமாக நம்பியிருக்க வேண்டிய இடம் எது? 'பெட்ரோனெல்லா' என்னும் இன்னொரு பழைய நடனத்தில் ஸ்விங்கே கிடையாது. 'லேடி ஆஃப் தி லேக்'கில் வரிசையில் அடுத்துக் கீழே நிற்கும் அண்டையாரோடு ஸ்விங் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது அந்த ஒரு நடனத்தின் சுவையே தவிர, எல்லா நடனத்துக்கும் சட்டமாகாது.

புதிதாக வருபவர் ஸ்விங் கற்பது அண்டையார் கையில்தான் என்றார் நண்பர். உண்மை, ஆனால் பாதி. ஒரு சுற்று அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதல் என்பதால், எட்டு நிமிடத்தில் ஏறத்தாழ பதினைந்து பேரோடு சுழல நேரும். என் முதல் இரவில் ஒருவர் என் முதுகை இறுகப் பிடித்து இழுத்த வேகத்தில் தலை கிறுகிறுத்து, அடுத்தவர் நீட்டிய கை எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அவரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. வரிசை கொண்டுவந்து நிறுத்தியது. அன்று எனக்குத் தைரியம் தந்தது, ஹே என்னும் பின்னலில் எதிரே வந்த ஒரு மூதாட்டி, நான் போக வேண்டிய பக்கத்தைக் கண்ணாலேயே காட்டிச் சென்றதுதான்.

ஆகவே நடுவர் அவர்களே, ஓர் இரவின் பன்னிரண்டு நடனங்களில் இரண்டு மூன்றையாவது அண்டையார் ஸ்விங் இல்லாமல் அமைக்க இடம் தரும்படித் தீர்ப்பளிக்க வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.