மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

கணினிக் கடவுச்சொல் வளர்ந்ததும் பல்கலைக்கழகத்தில்தான், களவு போனதும் அங்கேதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960களின் தொடக்கத்தில் ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பாவித்தார்கள். ஆளுக்கு இவ்வளவு நேரம் என்று அளவு. அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு அது போதவில்லை. 1962இல் எல்லாருடைய கடவுச்சொற்களையும் அச்செடுத்துக்கொண்டார்.

அந்தத் தாளின் பேரப்பிள்ளைகளை நான் கொழும்பில் தினமும் காண்கிறேன். பல்கலைக்கழகமொன்றின் கணினிப் பிரிவில் வேலை செய்பவன் நான். எந்தத் திணைக்களத்துக்குப் போனாலும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டு இருக்கும். திணைக்கள மின்னஞ்சல், சூம் கணக்கு, பேஸ்புக் பக்கம், எல்லாவற்றின் கடவுச்சொல்லும் அதில். குறைசொல்ல மாட்டேன். மூன்று பேர் ஒரு கணக்கைப் பாவிக்கும்போது, ஒருவர் லீவில் நின்றால் மற்றவர் வேலை பார்க்கத்தானே வேண்டும்?

ஒருமுறை துண்டும் உதவவில்லை. கடவுச்சொல்லைத் தெரிந்த தற்காலிக உதவி விரிவுரையாளர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். உள்நுழையும் குறியீடும் அவருடைய போனுக்குத்தான் போகும். அங்கே நள்ளிரவு. இங்கே நாங்கள் நாலு பேர் திரையைப் பார்த்தபடி நின்றோம்.

கடவுச்சொற்களையெல்லாம் ஒரு பெட்டகத்தில் பூட்டிவைத்து, வேண்டிய இடத்தில் தானே நிரப்பும் மென்பொருள்தான் பாஸ்வேர்ட் மனேஜர். அதை வளாகம் முழுவதற்கும் கொண்டுவருவது பற்றிப் பேசும்போது, பலர் மாணவர்களிடமிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் துண்டிலிருந்து தொடங்க வேண்டும். பிட்வார்டன், வன்பாஸ்வேர்ட் (1Password) போன்ற மனேஜர்களில் திணைக்களத்துக்கென ஒரு பொதுப் பெட்டகம் வைக்கலாம். புதிதாக வருபவரைச் சேர்க்கலாம், போகிறவரை நீக்கலாம். நீக்கினால் மட்டும் போதாது. அவர் பார்த்த கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. உங்கள் மின்னஞ்சல் நிறைந்துவிட்டது, இங்கே அழுத்துங்கள் என்று கடிதம் வரும். அழுத்தினால் வரும் பக்கம் நம்முடையதைப் போலவே இருக்கும், இலச்சினைகூட இருக்கும். நம் கண் ஏமாறும். மனேஜரோ பக்கத்தின் இணைய முகவரியைத்தான் பார்க்கிறது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தானாக நிரப்பாது. அது நிரப்பவில்லையென்றால் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

சரி, எல்லாச் சாவியையும் ஒரே கொத்தில் கோக்கலாமா? நியாயமான பயம். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்ட் மனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே திருடப்பட்டன. கடவுச்சொற்கள் பிறர் வாசிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டிருந்தன, இணையத்தள முகவரிகள் அப்படியிருக்கவில்லை. அதன்பின் ஒருவரின் பெட்டகத்துக்கு அரண், அதைத் திறக்கும் அவருடைய தலைமைக் கடவுச்சொல்தான். அது பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டுமாக இருந்தால் அரண் எங்கே?

தலைமைக் கடவுச்சொல்லுக்கு, ஒன்றோடொன்று ஒட்டாத நாலைந்து சொற்களை எடுங்கள். குடை, இடியப்பம், கோச்சி, நுளம்பு என்ற மாதிரி. இதையே வைக்காதீர்கள், வானொலியில் சொல்லியாயிற்று. மனப்பாடமான செய்யுள் வரியும் வேண்டாம். எடுத்த தலைமைக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வீட்டு அலுமாரியில் வையுங்கள். ஆம், தாளில்தான். மறந்தால் சாதாரணமாக மனேஜரை நடத்தும் நிறுவனத்தாலும் மீட்டுத்தர முடியாது. அலுமாரி வரை வந்து தேடும் கள்ளனுக்கு உங்கள் நகைதான் முக்கியம்.

போன மாதம் ஒரு திணைக்களத்து எழுதுவினைஞர் அக்கா கண்ணாடியைத் தூக்கித் துண்டை எடுத்தார். கிழிக்கவில்லை, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“ஒரு மாதம் பார்ப்பம் தம்பி” என்றார்.

சரி அக்கா என்றேன். இரண்டு கிழமைக்குள் அதிலிருந்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் இருவருமாக மாற்றிவிட்டோம். துண்டு இன்னும் பைக்குள்தான் இருக்கிறதாம்.

நன்றி, வணக்கம்.