ஒரு யூனிற்றில் எவ்வளவு தூரம்?

வணக்கம் நேயர்களே. மின்சாரக் கார் பொறியியலாளர் ஒருவரின் தொழில் வாழ்க்கையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். எலான் மஸ்க் என்று நினைத்திருப்பீர்கள். அவரைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது பீற்றர் றோலின்சன் என்ற வேல்ஸ் நாட்டுக்காரரை. உயர்தரம் எழுதிவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கும் வன்னிப் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் நல்லது.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பொறியியல் படித்தவர். அப்புறம் ஜாகுவார் கார்க் கம்பனியில் வேலை, லோட்டஸ் கார்க் கம்பனியில் பிரதம பொறியியலாளர். அவருடைய கைத்தேர்ச்சி கரண்டில் இல்லை, காரின் உடற்கட்டில்தான் இருந்தது. எந்த இடத்தில் எவ்வளவு தடிப்பாக உலோகம் வைத்தால் வண்டி பாரம் குறைந்தும் உறுதியாகவும் இருக்கும், மோதினால் எந்தப் பக்கம் நசுங்க வேண்டும் என்ற மாதிரியான வேலை. 2009இல் எலான் மஸ்கின் டெஸ்லா கம்பனி அவரை எடுத்து, மொடல் எஸ் காருக்குப் பிரதம பொறியியலாளர் ஆக்கியது. மின்சாரக் காருக்கு ஏன் உடற்கட்டுக்காரர்? அந்தக் காரில் பற்றரி முழுவதும் தரைக்கு அடியில் தட்டையாகப் படுத்திருக்கிறது. பல நூறு கிலோ பாரம். அது வண்டியின் எலும்புக்கூட்டிலேயே ஒரு பகுதி. அதைச் சரியாகக் கட்டத் தெரிந்தவர்தான் அங்கே தேவைப்பட்டார்.

2012 ஜனவரியில் டெஸ்லாவை விட்டுப் போனார். அந்தக் கார் முதல் வாடிக்கையாளர் கைக்குப் போனது அதே வருடம் ஜூனில். அடுத்த வருடம் கலிபோர்னியாவில் அட்டீவா என்ற சிறிய பற்றரிக் கம்பனியில் பிரதம தொழில்நுட்ப அதிகாரியாகச் சேர்ந்தார். 2016இல் அந்தக் கம்பனி லூசிட் என்று பெயரை மாற்றிக்கொண்டு, தானே கார் செய்யப் போவதாக அறிவித்தது.

இனித்தான் எனக்குப் பிடித்த பகுதி. கார் தூரம் ஓட வேண்டுமா, பெரிய பற்றரியாகப் போடு என்பது வழக்கமான யோசனை. பெரிய பற்றரி என்றால் பாரம் கூடும். அதைத் தாங்க உடற்கட்டு, பிரேக், ரயர் எல்லாம் பெருக்க வேண்டும். அந்தப் பாரத்தை இழுக்க இன்னும் பற்றரி வேண்டும். விலையும் ஏறிக்கொண்டே போகும். றோலின்சன் மறுபக்கத்திலிருந்து வந்தார்: ஒரு யூனிற் மின்சாரத்தில் எத்தனை கிலோமீற்றர் ஓடலாம்? மின்கட்டணப் பட்டியலில் உங்கள் வீட்டுக்கு வருகிற அதே யூனிற்தான்.

பல மின்சாரக் கார்கள் 400 வோல்ற் அளவில் ஓடும்போது, லூசிட் கம்பனியின் எயார் என்ற கார் 900 வோல்ற்றுக்கு மேல் போனது. அழுத்தம் இரண்டு மடங்கானால், அதே வலுவுக்குப் பாதி மின்னோட்டம் போதும். மின்னோட்டம் பாதியானால், வயரில் சூடாகி வீணாவது நாலில் ஒன்றாகிவிடும். உயர்தரப் பௌதிகவியலில் நீங்கள் கணக்குச் செய்த விசயம்தான், புதிதில்லை. மோட்டாரும் அதோடு சேர்ந்த கியரும், பற்றரிக் கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டர் கருவியும் மொத்தமாக 74 கிலோ. இரண்டு பேர் பிடித்தால் தூக்கிவிடலாம். அதில் 670 குதிரைவலு!

பிரேக் பிடிக்கும்போதும் சக்தி திரும்பி வருகிறது. பொருளாதாரத் தடை நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் வன்னியில் இன்னும் இருக்கிறார்கள். றேடியோவைப் போட்டவுடன் மிதி கொஞ்சம் இறுகும், ஞாபகம் இருக்கிறதா? அந்த இறுக்கம்தான் மின்சாரக் காரின் வேகத்தைக் குறைக்கிறது. மோட்டார் டைனமோவாக மாறி, பற்றரிக்குக் கரண்ட் திருப்பி அனுப்புகிறது.

2025இன் எயார் பியூர் காரில் 84 யூனிற் பற்றரி. அமெரிக்க அரசின் சோதனைக் கணக்குப்படி 420 மைல், அதாவது ஏறக்குறைய 676 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போய், ஒரு தடவையும் சார்ஜ் போடாமல் மட்டுமட்டாகத் திரும்பி வந்துவிடலாம்.

சரி, பொறியியலாளர் முதலாளி நாற்காலிக்கு வந்த கதை? 2018இல் சவூதி அரேபியாவின் அரச முதலீட்டு நிதியம் 100 கோடி டொலருக்கு மேல் போட இணங்கியது. 2019 ஏப்ரலில் றோலின்சன் பிரதம நிறைவேற்று அதிகாரி ஆனார். தொழில்நுட்பப் பதவியையும் கையில் வைத்துக்கொண்டார். அரிசோனாவில் தொழிற்சாலை, 2021 ஜூலையில் பங்குச் சந்தை, அக்டோபரில் முதல் கார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தது போலத்தான் இருந்தது. 2022இல் 20,000 கார் செய்வோம் என்றார்கள். அந்த வருடம் கொடுத்தது 4,369. 2023இல் 6,001, நட்டம் 280 கோடி டொலர். ஒரு நல்ல கார் செய்வது ஒரு தொழில், அதை ஆயிரக்கணக்கில் செய்து விற்பது முற்றிலும் வேறொரு தொழில். மின்சாரத்தில் இவ்வளவு சிக்கனம் பார்த்தவரின் கம்பனியில் பணம் தண்ணீராய் ஓடியது. 2025 பெப்ரவரியில் தலைமைப் பதவியிலிருந்து விலகி, ஆலோசகர் ஆனார்.

என்னைக் கேட்டால், இரண்டு நாற்காலியிலும் ஒருவரே இருந்தது அதிகம். ஆனால் இந்த மனிதரை நம்பித்தானே அவ்வளவு பணமும் வந்தது என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். அதையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது.

அதே பெப்ரவரியில்தான் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது. 2022இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்ற சனம் மின்சார வண்டியைப் பற்றி விசாரிப்பதில் அதிசயமில்லை. பிள்ளைகளே, மின்சாரக் கார் என்றால் மின்னியலும் கம்ப்யூட்டரும் மட்டும்தான் என்று நினைத்து மற்றதை ஒதுக்காதீர்கள். இயந்திரவியல் படிப்பவருக்கும் அந்தத் துறையில் இடம் உண்டு. ஏ9 வீதியில் கராஜ் வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் வேலை போகாது: சஸ்பென்சன், ஸ்டியரிங், ரயர், ரின்கரிங் எல்லாம் இருக்கத்தான் போகிறது. ஒன்று மட்டும். பொனற்றைத் திறந்தால் செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர்கள் தெரியும். அவை உயர் அழுத்த வயர்கள். முறையாகப் பயிற்சி எடுக்கும்வரை அவற்றில் கை வைக்க வேண்டாம். நன்றி, வணக்கம்.