கஞ்சி ஸ்பூனில் நிற்க வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

செபராங் பிறை பக்கத்துக் கிளினிக்குகளில் 31 ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். குழந்தை உணவைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டபோது, ஒரு போத்தல் கஞ்சிதான் உடனே என் கண்முன் வந்து நின்றது.

சில வருடங்களுக்கு முன் பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். பையனுக்கு எட்டு மாதம். அம்மா பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டாள். பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். அரிசிக் கஞ்சியை நன்றாகக் குழைய வைத்து, வடிகட்டி, பால் போத்தலில் ஊற்றி, ரப்பர் ஓட்டையை ஊசியால் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஒரு போத்தல் முழுசா குடிச்சிடுவான் மிஸ்ஸி, ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டான்" என்றார். குரலில் அவ்வளவு பெருமை.

நான் ஒரு ஸ்பூன் கேட்டேன். போத்தலிலிருந்து கொஞ்சம் கஞ்சியை அதில் ஊற்றி, மெதுவாகச் சாய்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடிவிட்டது.

எட்டு மாதப் பிள்ளையின் வயிறு சின்னது. ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கப், ஏறக்குறைய 240 மில்லி, அவ்வளவுதான் பிடிக்கும். அந்த இடத்தைத் தண்ணீர்க் கஞ்சியால் நிரப்பிவிட்டால் சத்துள்ள சாப்பாட்டுக்கு இடம் எங்கே? பிள்ளை அழாது, நன்றாகத் தூங்கும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் வளர்வதற்கு வேண்டியது உள்ளே போகவில்லை. அந்தப் பாட்டி அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். இது இப்போது பலருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிய வைத்ததில் நம் பினாங்குக்கும் பங்கு உண்டு. ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம் கொண்டாடுகிறோம் இல்லையா? 1992இல் தொடங்கிய அந்த வாரத்தை ஒருங்கிணைக்கும் வாபா என்ற உலகக் கூட்டமைப்பின் தலைமைச் செயலகம் பினாங்கில்தான் இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் பயனீட்டாளர் இயக்கத்தின் அன்வார் பசல். இன்னும் பின்னால் போனால், 1939இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ரோட்டரி கிளப் கூட்டத்தில் எழுந்து, 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். இனிப்புச் சேர்த்த டின் பாலைத் தாய்மார்களிடம் குழந்தை உணவு என்று சொல்லி விற்றதைத்தான் அவர் அப்படிக் கண்டித்தார்.

எனக்கு அது சரித்திரப் பாடம் மட்டும் இல்லை. நான் பிறந்தது நிபோங் தெபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, ஓட வேண்டும். அம்மா என் தம்பியை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். வெந்நீரில் டின் பாலைக் கரைத்துக் கொடுப்பார்கள். தம்பி கன்னம் உப்பி, பார்க்க அழகாக இருந்தான். அப்புறம் ஒரு வயிற்றுப்போக்கு வந்தது. பத்து நாளில் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டான். அவன் பிழைத்துக்கொண்டான். எங்கள் லயத்தில் பிழைக்காத பிள்ளைகளும் உண்டு. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாலூட்ட அவருக்கு யார் நேரம் கொடுத்தார்கள்?

இன்றைக்கும் அந்த டின் நம் அடுக்களையில் இருக்கிறது. சீனியும் செம்பனை எண்ணெயும்தான் அதில் அதிகம். தே தாரேக்குப் போடுங்கள், பிள்ளைக்குப் போடாதீர்கள்.

தனியார் துறையில் 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 98 நாள். முன்பு 60 நாள்தான். நல்ல முன்னேற்றம், ஆனாலும் ஆறு மாதத்துக்குப் பாதிதான் வருகிறது. அதனால் வேலைக்குப் போகும் தாய் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பாலை வெளியில் நாலு மணி நேரம் வைக்கலாம், நம் ஊர் வெயிலில் அதற்குள் கொடுத்துவிடுவது நல்லது. குளிர்பெட்டியில் நாலு நாள் தாங்கும். பாட்டிமார்களே, "இது என்ன நீர்த்துப்போய் இருக்கிறது" என்று கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு முறை பீய்ச்சும்போதும் முதலில் வரும் பால் அப்படித்தான் இருக்கும். மேலே ஆடை மாதிரி மிதப்பது கொழுப்பு, லேசாகக் குலுக்கினால் கலந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு அப்புறம் நடப்பதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

வயிற்றில் இருக்கும்போதே குழந்தை தாயிடமிருந்து இரும்புச் சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறக்கிறது. அந்தக் கையிருப்பு ஏறக்குறைய ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இருக்கும் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும், ஆனால் அளவு குறைவு. மிச்சம் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சியில் அது கிடையாது. இரும்பு குறைந்தால் பிள்ளை வெளுத்துச் சோர்ந்துபோகும், மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப்போயிருந்தால் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சரி, என்ன கொடுப்பது? வாரத்தில் ஒரு நாள் ஒரு கோழி ஈரலை வேகவைத்து மசியுங்கள். பசாரில் ஈரல் மலிவாகத்தான் கிடைக்கிறது. கெம்போங் மீனை அவித்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துவிட்டுக் கஞ்சியில் பிசையுங்கள். நெத்திலி என்றால் நன்றாக ஊறவைத்து, உப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அப்புறம் காயவைத்துப் பொடிக்க வேண்டும். ஒரு வயது வரை பிள்ளைக்குத் தனியாக உப்பும் சீனியும் வேண்டாம். தேனும் கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதுகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் நரம்புகளைத் தாக்கி, மூச்சையே நிறுத்திவிடும். முட்டையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நன்றாக வேகவைத்து ஆறு மாதத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம்.

சைவ வீடுகளில் பருப்பு, தெம்பே, கீரை கொடுங்கள். அதோடு தக்காளியோ பப்பாளியோ சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். தேநீர் அதைத் தடுத்துவிடும், அதனால் அப்பாவின் கப்பிலிருந்து ஒரு வாய்கூட வேண்டாம். புரட்டாசி மாதம் முழுக்க வீட்டில் மரக்கறி என்பார்கள். பத்து மாதப் பிள்ளைக்கு முட்டையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சாமி கோபித்துக்கொள்ளாது என்று நான் எத்தனையோ வீட்டில் கெஞ்சியிருக்கிறேன். கேட்டவர்களும் உண்டு.

எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு அப்புறம் வரும் தொந்தரவு வேறு: சோறு வேண்டாம், போத்தல்தான் வேண்டும் என்று அடம். காலையில் பால், மத்தியானம் பால், இரவு மைலோ. பசுவின் பாலோ பவுடர் பாலோ நாளுக்கு அரை லிட்டர் தாராளம். அதற்கு மேல் போனால் அந்தப் பிள்ளைக்குப் பசியே எடுக்காது. "என் பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குறான்" என்று வருகிற அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் என்றுதான்.

இன்னொன்று. கிளினிக்கில் எல்லாரும் எடையைத்தான் கேட்பார்கள். உயரத்தை யாரும் கேட்பதில்லை. பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் இருக்கும் பிள்ளை, ஒரு வயதில் 75ஐத் தொடும். அந்த ஓட்டம் நின்றுபோனால், கன்னம் உப்பியிருந்தாலும் பிள்ளைக்கு உள்ளே பட்டினிதான். 2019 தேசியச் சுகாதார ஆய்வில், நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று தெரிந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பிள்ளை. கடையும் பசாரும் நிறைந்த நாட்டில் இந்தக் கணக்கு எனக்கு இன்னும் வலிக்கிறது.

"அப்பா குள்ளம், அதான் இவனும்" என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவு, இந்தியா, கானா, நார்வே, பிரேசில், ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுப் பிள்ளைகளை அளந்து உருவானது. நன்றாகப் பாலூட்டி, நல்ல கவனிப்பில் வளர்ந்த பிள்ளைகள், எந்த நாடாக இருந்தாலும், சின்ன வயதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். ஆகவே இரண்டு வயதுக்குள் பரம்பரைமேல் பழி போடாதீர்கள். கிளினிக் புத்தகத்தில் உயரக் கோடு உள்ள பக்கத்தைத் திறந்து, "இதையும் குறித்துக் கொடுங்கள் மிஸ்ஸி" என்று கேளுங்கள். கேட்டால் எந்தத் தாதியும் மறுக்கமாட்டார்.

அந்தப் பட்டர்வொர்த் வீட்டுக்கு அடுத்த மாதம் திரும்பப் போனேன். போத்தலைக் காணோம். பாட்டி ஒரு கிண்ணத்தில் பருப்பும் பூசணிக்காயும் போட்டுப் பிசைந்த கஞ்சி வைத்திருந்தார். நான் உட்காருவதற்குள் ஸ்பூனை எடுத்து என் முகத்துக்கு நேரே சாய்த்துக் காட்டினார். "பாருங்க மிஸ்ஸி, விழலை." பையன் அந்த ஸ்பூனைப் பிடுங்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். முகவாயெல்லாம் மஞ்சள்.

நன்றி, வணக்கம்.