டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ்: ஏழு பட்டங்களும் இரண்டு மேட்ச் பாயின்ட்களும்

[காட்சி: 1919, விம்பிள்டனின் பழைய வொர்ப்பிள் சாலை மைதானம். கறுப்பு வெள்ளைப் புகைப்படம்]

குரல்: நீண்ட பாவாடையும் முழுக்கைச் சட்டையும் அணிந்திருப்பவர் டோரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ். வயது 40. இரண்டு பிள்ளைகளின் தாய். லண்டனை அடுத்த ஈலிங்கில் பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்தவர். எதிரே, கெண்டைக்கால் தெரியும் கவுனில், பிரான்சின் சூசன் லெங்லென். வயது 20.

சேம்பர்ஸ் அதற்குள் விம்பிள்டன் டென்னிஸ் ஒற்றையர் பட்டத்தை ஏழு முறை வென்றிருந்தார். 1911 இறுதியில் டோரா பூத்பியை 6-0, 6-0 என வீழ்த்தினார். பூத்பிக்கு ஒரு கேம்கூடக் கிடைக்கவில்லை!

[காட்சி: போட்டி அட்டவணை. உச்சிக் கட்டம் மட்டும் ஒளிர்கிறது]

குரல்: 1922க்கு முன்பு, நடப்பு சாம்பியன் தொடக்கச் சுற்றுகளில் ஆட வேண்டியதில்லை. மற்றவர்கள் மோதி முடித்து, மிஞ்சிய ஒருவரை மட்டும் அவர் சந்தித்தால் போதும். இதைக் காட்டி அந்தக் காலப் பட்டங்களை எளிதானவை என்று ஒதுக்குகிறார்கள். சேம்பர்ஸ் விஷயத்தில் அது அநியாயம். 1904, 1911, 1914 ஆகிய மூன்று முறைதான் அவருக்கு அந்தச் சலுகை வாய்த்தது. 1903, 1906, 1910, 1913 பட்டங்களை எல்லாச் சுற்றுகளிலும் ஆடியே வென்றார். பரிசுத்தொகை என்பதே இல்லாத அமெச்சூர் காலம் அது.

பிறகு போர் வந்தது. நான்கு ஆண்டுகள் விம்பிள்டன் நடக்கவில்லை. 1914இன் சாம்பியன் என்ற முறையில் 1919இல் அவர் நேராக இறுதிக்கு வந்தார்.

[காட்சி: ஸ்கோர் பலகை. சேம்பர்ஸ் - லெங்லென்: 8-10, 6-4, 6-5]

குரல்: மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். லெங்லென் இடையிடையே பிராந்தி அருந்தித் தெம்பேற்றிக்கொள்கிறார். மூன்றாவது செட்டில் 1-4 எனப் பின்தங்கிய சேம்பர்ஸ், 6-5 என முந்தி, 40-15க்கு வந்துவிட்டார். கையில் இரண்டு மேட்ச் பாயின்ட்: இரண்டில் ஒன்றை எடுத்தாலே ஆட்டம் அவருடையது. பந்தை உயரத் தூக்கி அடிக்கிறார். லெங்லென் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார். பந்து மட்டையின் நரம்பில் படவில்லை, மரச் சட்டத்தில் பட்டது. வலையின் விளிம்பைத் தொட்டு, சேம்பர்ஸ் பக்கமே விழுந்தது. அடுத்த பாயின்ட்டில் லெங்லெனின் பேக்ஹேண்ட் கோட்டை ஒட்டிப் பறந்தது.

10-8, 4-6, 9-7. மொத்தம் 44 கேம். லெங்லென் வென்றார். அந்த மரச் சட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

[காட்சி: நியூயார்க், ஃபாரஸ்ட் ஹில்ஸ்]

குரல்: சேம்பர்ஸ் மட்டையைக் கீழே வைக்கவில்லை. 1925இல், 46 வயதில், பிரிட்டன், அமெரிக்கப் பெண்கள் அணிகள் மோதிய வைட்மன் கோப்பையில் பிரிட்டனுக்காக அமெரிக்காவின் எலினார் காஸை எதிர்த்து ஆடினார். மூன்று செட் நீடித்த அந்த ஆட்டத்தில் வென்றார்.