கடைசி டிரிப்

(ஊர்ப்புற நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை தாங்கும் தலைமையாசிரியர் அய்யா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஒன்றியக் கவுன்சிலர் அவர்களே, மைக்செட்டை வாடகையில்லாமல் தந்த தம்பி, இன்னும் வந்துகொண்டே இருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே! அவர் பஸ்ஸில் வருகிறார், பொறுத்துக்கொள்வோம்.

'அரசு நிதியும் பேருந்தும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். டீசல், மானியம், ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் பணப்பலன் என்று மூன்று சேதி சொல்ல வந்தேன். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான்: சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று ராஜாக்கள் பெயரில் தொடங்கியவை இன்று 8 அரசுப் போக்குவரத்துக் கழகங்கள். 2018 ஜனவரியில் ஏற்றிய கட்டணம்தான் இன்றும். டீசல் அப்படியே நிற்கிறதா? அந்தப் பள்ளத்தை அரசு தூர்த்தாக வேண்டும். 2021 மே 8 முதல் சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை. அதற்கென்று அன்றைக்கு அறிவித்த மானியம் 1,200 கோடி ரூபாய்.

நம் கீரைக்கார ஆயாவைத் தெரியும்தானே? முதல் நாள் கண்டக்டர் சீட்டு கிழித்துக் கொடுத்தார். ஆயா சுருக்குப்பையை அவிழ்த்து, அஞ்சு ரூபாய்க் காசைத் தேடி, நீட்டியாச்சு. "வேணாம் ஆயா, ஓசி." "ஓசின்னா சீட்டு எதுக்குப்பா?" பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் சிரிக்கவில்லை. "எத்தனை சீட்டு கிழிச்சோம்னு கணக்குக் காட்டித்தான் ஆயா எங்களுக்கு கவர்மெண்ட் காசு வரும்." ஆயாவுக்கு அது பிடித்துப்போனது. "அப்ப நான் ஏறுனா உங்களுக்கு வரும்படியா?" என்று கேட்டு, அன்றிலிருந்து சீட்டை வாங்காமல் உட்காரமாட்டார். கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாங்காத பெண்களையும் அதட்டுவார். "வாங்குங்கடி, அவன் கணக்குல விடப்போறான்!"

அந்த ஆயா இன்றைக்கு இரவு ஷேர் ஆட்டோவில் 30 ரூபாய் கொடுத்து வருகிறார். ஏன்? ராத்திரி எட்டரை டிரிப்பை நிறுத்திவிட்டார்கள். கேட்டால் ஆள் இல்லை, வண்டி இல்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்றேன். இங்கே சட்டியில் போட்டாச்சு அய்யா, அகப்பையைத்தான் எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார்கள்! ஓடாத பஸ்ஸில் எந்தப் பெண்ணுக்கு இலவசம்? ஓடினால்தானே சீட்டு, சீட்டு இருந்தால்தானே மானியம்? ஆள் எடுக்கவும் வண்டி வாங்கவும் தனியாக நிதி ஒதுக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம்.

தலைவர் மணி அடிக்கிறார். டீசலும் பணப்பலனும் அடுத்த கூட்டத்துக்கு. மனு டீ கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கவுன்சிலர் அவர்கள் முதல் கையெழுத்துப் போடட்டும், பேனா என்னிடம் இருக்கிறது.